கேட்டலும் ஓர்த்தலும்: கம்பியில்லா வலையமைப்பு எழுப்பும் ஓர் அறவினா

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இன்று தனிவீடுகள் அருகித் தொடர்மாடிகள் மலிந்துள்ளன. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போரினால் இடம்பெயர்ந்து வந்தோர் குடியேறக் குடியேற, நிலம் போதாமையால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. கொட்டாஞ்சேனையிலோ பழைய வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து தோளோடு தோள் நிற்கின்றன. இத்தகைய இடங்களில் வாழ்வோர் பிறர் ஒலியைக் கேளாது வாழ்தல் இயலாது. மேல்மாடியில் தேங்காய் துருவும் ஓசையும், அடுத்த வீட்டுக் கணவன் மனைவியரின் பிணக்கும், வெளிநாட்டிலிருக்கும் மகனோடு தாய் உரத்துப் பேசும் தொலைபேசிப் பேச்சும் அழையாமலே செவியில் வந்து விழுகின்றன. இவற்றைக் கேட்டவர் கேளாதவர்போல் நடந்துகொள்வர். மறுநாள் மின்தூக்கியில் அயலவரைக் காணும்போது முந்திய இரவின் பிணக்கைப் பற்றி எவரும் உசாவார். எந்தச் சட்டமும் இதனை விதிக்கவில்லை. நெருக்கமே கற்றுக்கொடுத்த நாகரிகம் இது.

ஆனால், அதே சுவர்களை ஊடறுத்துச் செல்லும் வேறொருவகைப் பேச்சும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள வைபை ரவுட்டரும், அதனோடு தொடர்புகொள்ளும் கைத்தொலைபேசிகளும், கணினிகளும் ஓயாது வானொலி அலைகளைப் பரப்பிய வண்ணம் உள்ளன. அவ்வலைகள் வீட்டின் எல்லையை அறியா. நான்காம் மாடியில் உள்ளவரின் அலை ஐந்தாம் மாடிக்கும், எதிர்க்கட்டிடத்திற்கும், வீதியில் நிற்பவரின் சட்டைப் பைக்கும் செல்கிறது. தம் வீட்டிற்குள் அழையாது வந்த அலையைக் கேட்பது ஒருவரின் உரிமையா, அன்றிப் பிறர்பொருள் கவர்தலா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும். மனிதச் செவியால் இவ்வலையைக் கேட்க இயலாது. கேட்கச் செய்வதற்குக் கணினியின் வலையமைப்பு அட்டையை ஒரு தனி நிலைக்கு மாற்றுதல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தைப் பயில்வோர் அதனை ‘மொனிற்றர் மோட்’ என அழைப்பர். தமிழில் கண்காணிப்பு நிலை எனலாம்.

இந்நிலையின் இயல்பை விளங்கிக்கொள்ளாது அறம் பேசுதல் வீண். 1997 ஆம் ஆண்டு வெளியான 802.11 என்னும் நியமத்தின்படி, கம்பியில்லா வலையில் செய்திகள் சிறு சிறு சட்டகங்களாக அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் பெறுநர் முகவரியும், பெரும்பாலானவற்றில் அனுப்புநர் முகவரியும் இருக்கும். ஒரே அலைவரிசையில் உள்ள எல்லா அட்டைகளின் உணர்கொம்புகளிலும் அச்சட்டகம் வந்து மோதுகிறது. வழமையான நிலையில் உள்ள அட்டை, தலைப்பைப் பார்த்துத் தனக்குரியதாயின் ஏற்றுக்கொண்டு, பிறர்க்குரியதாயின் உடனே கைவிட்டுவிடும். ஆகவே, ‘கேட்டும் கேளாதிருத்தல்’ என்னும் தொடர்மாடி நாகரிகம் பொறியினுள்ளேயே அமைக்கப்பட்டிருக்கிறது எனலாம். கண்காணிப்பு நிலை அந்த நாகரிகத்தை நீக்கிவிடுகிறது. எந்த வலையோடும் இணையாமல், எவருக்கும் தன் இருப்பை அறிவியாமல், கேட்ட சட்டகம் அனைத்தையும், அலையின் வலிமை, அலைவரிசை, வேகம் முதலிய குறிப்புக்களோடு, அது கணினிக்குக் கையளிக்கிறது.

சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்குப் பதிலாக மாணவரை மேற்பார்த்த மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை எனப்பட்டான். ஆங்கிலப் பாடசாலைகளில் அவனே மொனிற்றர். இலங்கையின் மலையகத்திலோ கண்காணி என்னும் சொல்லுக்கு இதனினும் பாரமான வரலாறு உண்டு. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்து, தோட்டத்தில் அவர்களை மேற்பார்த்து, கடன் கணக்கையும் தன் கையில் வைத்திருந்தவன் கண்காணி. சட்டாம்பிள்ளையும் கண்காணியும் கண்முன்னே நின்றவர்கள். யார் பார்க்கின்றனர் என்பதைப் பார்க்கப்படுவோர் அறிந்திருந்தனர். கணினியின் கண்காணிப்பு நிலையிலோ பார்ப்பவன் மறைந்திருக்கிறான்.

இனி, ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் மாணவன் ஒருவனைக் கற்பனை செய்க. மாலை ஏழு மணிக்குப் பின் அவன் வீட்டு இணையம் தடுமாறுகிறது. பணம் முறையாகச் செலுத்தப்பட்டுள்ளது, ரவுட்டரும் பழுதில்லை, கம்பி வழியே இணைத்தால் வேகம் குன்றவில்லை. அப்படியாயின் குறை காற்றில்தான் இருத்தல் வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று தொடாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்றே. கட்டிடம் முழுவதும் உள்ள ரவுட்டர்கள் அம்மூன்றிலும் நெரிசற்பட்டு, ஒன்றின் பேச்சின்மேல் மற்றொன்று பேசி, விழுந்த சட்டகத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். இதனை அறிய அவன் காற்றைக் கேட்க வேண்டும். அயலவரின் சட்டகங்களைக் கேளாமல் தன் வீட்டுக் குறையைக் கண்டறிய அவனுக்கு வழியில்லை. கேட்பது தவறு என்று ஒரே சொல்லில் முடித்துவிட விழைவோர் இந்த நிலைமையை முதலில் எதிர்கொள்ள வேண்டும்.

அவன் லினக்ஸ் கணினியில் அட்டையைக் கண்காணிப்பு நிலைக்கு மாற்ற முயல்கிறான். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது, அட்டையின் இயக்கி மென்பொருள் அந்நிலைக்கு இடங்கொடாதிருத்தல். ஐ-டபிள்யூ என்னும் கருவியைக் கொண்டு, அட்டை ஏற்கும் நிலைகளின் பட்டியலைப் பார்த்தால், கண்காணிப்பு நிலை அதில் உண்டா இல்லையா என்பது தெரியும். இல்லையெனில் ‘இச்செயலுக்கு ஆதரவில்லை’ என்னும் பொருள்பட -95 என்ற பிழை எண் வரும். ஏதெரோஸ் நிறுவனச் சில்லுகளுக்கான ஏ.ரி.எச்.9கே என்னும் இயக்கி இவ்வகையில் நல்ல பெயர் பெற்றது. புரோட்கொம் நிறுவனத்தின் மூடிய இயக்கியோ பலரை அலைக்கழித்தது. மெய்நிகர்க் கணினிக்குள் லினக்ஸை இயக்குவோர்க்கு வேறொரு மயக்கம். அதனுள் மடிக்கணினியின் அட்டை கம்பி வழி இணைப்பாகவே தோற்றமளிக்கும், வெளியிலிருந்து யூ.எஸ்.பி அட்டை ஒன்றைச் செருகினாலன்றிக் கண்காணிப்பு நிலை கிட்டாது.

இரண்டாவது தடை நுட்பமானது. அட்டை நிலைமாறிவிட்டது என நிம்மதியடைந்த சில வினாடிகளில் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். நெற்வேர்க் மனேஜர் என்னும் மென்பொருள், தன் பொறுப்பில் உள்ள அட்டை வழிதவறிவிட்டதாகக் கருதி, அதனை மீண்டும் வலையோடு இணைத்துவிடுவதே காரணம். குறிப்பிட்ட அட்டையை அதன் மேலாண்மையிலிருந்து விடுவித்து, இடைமுகத்தை முதலில் கீழிறக்கி, நிலையை மாற்றி, பின்னர் மேலேற்றுதல் வேண்டும். அவசரக்காரர் அந்த மென்பொருளையே கொன்றுவிடுவர். பின்னர் இணையம் அறவே அற்றுப்போனதேன் என வியந்து நிற்பர். மூன்றாவது, அலைவரிசை மாறாதிருத்தல். ஒரே அட்டையின் மீது வழமையான இடைமுகமும் கண்காணிப்பு இடைமுகமும் சேர்ந்திருந்து, முன்னது ஒரு வலையோடு இணைந்திருப்பின், அட்டை அந்த வலையின் அலைவரிசையிலேயே கட்டுண்டு கிடக்கும். மாற்ற முயன்றால் ‘சாதனம் வேறு வேலையில் உள்ளது’ என்னும் பொருளில் -16 என்ற எண் தோன்றும். ஓர் அட்டைக்கு வானொலி ஒன்றே. அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் செவிசாய்க்கும்.

இவையெல்லாம் நீங்கிய பின்னரும் ஒரு குறை எஞ்சும். அட்டை எல்லாவற்றையும் கேட்பதாகத் தோன்றினும் உண்மையில் சிலவற்றையே கேட்கிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அட்டைக்கு 5 கிகாஹேர்ட்ஸ் உலகம் இல்லை. பழைய அட்டை, புதிய நியமத்தின் அகன்ற அலைவரிசைகளில் விரைந்து செல்லும் தரவுச் சட்டகங்களைப் பிரித்தறியாது. அவற்றிற்கு முன்னும் பின்னும் வரும் ‘வழிவிடுக’, ‘பெற்றேன்’ போன்ற சிறு கட்டுப்பாட்டுச் சட்டகங்களை மாத்திரம் கேட்கும். பேச்சு நடந்தது தெரியும். பேச்சின் அளவு தெரியாது. அரைகுறையாகக் கேட்டவன் அயல்வீட்டு ரவுட்டரே தன் இடருக்குக் காரணம் எனத் துணிந்து குற்றஞ்சாட்டவும் கூடும். ஒற்றர் மூவர் ஒருவரையொருவர் அறியாமல் கொண்டுவந்த செய்தி ஒத்திருந்தாலன்றித் தெளிதல் கூடாது என ஒற்றாடல் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்த நெறி இங்கு நினைக்கத் தக்கது.

இத்தடைகளை ஈண்டு விரித்துரைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தடைகளை நீக்கும் உழைப்பு மனத்தில் ஓர் உரிமையுணர்வைத் தோற்றுவிக்கிறது. மூன்று இரவுகள் விழித்திருந்து, இயக்கியை மாற்றி, பிழை எண்களோடு போராடி வென்றவன், தன் முன் விரிந்த சட்டகங்களை உழைத்து ஈட்டிய பொருளெனக் கருதத் தலைப்படுகிறான். லினக்ஸ் கேட்டது ஒன்றே: இக்கணினியின் தலைமைப் பயனர் நீர்தாமா? அதற்கு ஆம் என்றதும் கதவு திறந்தது. ஆனால் அது கணினியின் உடைமையாளரை நோக்கிய வினா. அச்சட்டகங்களுக்கு உரியவரை எவரும் எதுவும் கேட்கவில்லை. பிழைச் செய்தி மறைந்தமை அயலவர் இசைந்தமையாகாது. இயலும் என்பதும் தகும் என்பதும் வெவ்வேறு சொற்களாக வழங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழ் மரபு இவ்விடத்தில் ஒரு நுண்ணிய சொல்லை வைத்திருக்கிறது. ஓர்தல் அல்லது ஓர்த்தல் என்பது செவியைக் கூர்மையாக்கி உற்றுக் கேட்பது. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தில், அரசன் மறைவாகப் பேசுங்கால் அருகிருப்பவர் அதனை உற்றுக் கேளாமலும், தொடர்ந்து வினவாமலும் இருந்து, அவனே வெளிப்படுத்திய வேளையில் கேட்க வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் கூறுகிறார். செவியில் விழுவதை அவர் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. உற்றுக் கேட்பதையே விலக்குகிறார். இதே நூலில் அரசனுக்கு ஒற்றரை வைத்துக்கொள்ளும் உரிமையும் தரப்படுகிறது. அதாவது, அரசன் பிறர் மறையை அறியலாம். பிறர் அரசன் மறையை அறிதலாகாது. குடிமக்களின் மறைக்கு யார் காவல் என்பதற்கு அங்கே வெளிப்படையான விடை காணப்படவில்லை. கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை அடுத்து ஒற்றாடல் வைக்கப்பட்டமையில் ஏதேனும் குறிப்பு உண்டோ என எண்ணத் தோன்றினும், அதன்மீது பெரியதொரு கட்டிடத்தை எழுப்புதல் பொருந்தாது. முடியாட்சி நீங்கிய நாட்டில், அரசனுக்குரியதாகக் கூறப்பட்ட அந்த மரியாதை குடிமகன் ஒவ்வொருவனுக்கும் உரியதாகிறது எனக் கொள்வதே நேரிது. நான்காம் மாடியிலிருக்கும் மாணவன் ஐந்தாம் மாடியிலிருக்கும் ஓய்வூதியருக்கு அவ்வளவேனும் கடன்பட்டவன்.

‘அலை என் வீட்டிற்குள் வந்தது, வந்ததைக் கேட்டேன்’ என்னும் வாதத்தை இனி நோக்கலாம். எளிமையான இந்த வாதம் மிகப் பெரிய நிறுவனமொன்றினாலேயே நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டுள்ளது. வீதிகளைப் படம்பிடிக்கப் பல நாடுகளில் வாகனங்களை ஓட்டிய கூகிள் நிறுவனம், அவ்வாகனங்கள் பூட்டப்படாத வைபை வலைகளின் உள்ளடக்கத்தையும் பதிவுசெய்திருந்தன என 2010 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. லினக்ஸ் பயில்வோர் நன்கறிந்த கிஸ்மெற் என்னும் மென்பொருளே அங்கும் பயன்பட்டது. பொதுமக்கள் எளிதிற் கேட்கக்கூடிய வானொலித் தொடர்பு இது, ஆதலாற் குற்றமில்லை என்பது கூகிளின் வாதம். 2013 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வானொலிப் பெட்டியைத் திருப்பிப் பாட்டுக் கேட்பதும், தனிக் கருவியும் மென்பொருளும் கொண்டு அயல்வீட்டு மின்னஞ்சலைப் பொறுக்குவதும் சாதாரண மக்களின் வழக்கில் ஒன்றல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். 1925 ஆம் ஆண்டு கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியபோது அலை எல்லோரையும் நோக்கி அனுப்பப்பட்டது. பின்னாளில் இலங்கை வானொலியை இந்தியாவிலும் மக்கள் கேட்டு மகிழ்ந்ததை எவரும் களவென்று சொல்லவில்லை. வைபைச் சட்டகத்திலோ முகவரி எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கையின் சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், சட்ட அதிகாரமின்றி இடைமறித்தலைக் குற்றமாக்குகிறது. செய்தியின் உள்ளடக்கம் மட்டுமன்றி, போக்குவரத்துத் தரவும், தகவல் சுமந்து கணினியிலிருந்து வெளிவரும் மின்காந்த அலையும் அதனுள் அடங்குகின்றன. தம் அட்டையைக் கண்காணிப்பு நிலைக்கு மாற்றும் இளைஞர் பலர் இதனை அறியார். எனினும், சட்டம் விலக்கியது என்பதனால் மட்டும் அறவினா தீர்ந்துவிடாது. யாருக்குத் தீங்கு என்பது கூறப்பட வேண்டும்.

தீங்கே இல்லை என்போரின் கூற்று இது: 2004 ஆம் ஆண்டின் பின் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையில் உள்ளடக்கம் மறையீடு செய்யப்பட்டுள்ளது. கேட்பவன் கையில் கிடைப்பது விளங்காத எண்கள் மாத்திரமே. இது பாதி உண்மை. வெள்ளவத்தையில் அறைகளை வாடகைக்கு விடும் வீடுகளிலே பத்துப் பேர் ஒரே ரவுட்டரையும் ஒரே கடவுச்சொல்லையும் பகிர்வதுண்டு. அக்கடவுச்சொல்லை அறிந்தவன், வேறொருவரின் கருவி வலையோடு இணையும் கணத்தில் நடைபெறும் நாற்படிக் கைகுலுக்கலையும் கேட்டுவிட்டால், டபிள்யூ.பி.ஏ.2 முறையில் அவருடைய சட்டகங்களைத் திறக்கலாம். இணையத்தளங்கள் தாமே இடும் மறையீடு அதற்கும் உள்ளே ஒரு பூட்டாக நிற்கிறது என்பது ஓர் ஆறுதல். 2018 இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 இக்குறையை நீக்கினும், பழைய ரவுட்டர்கள் இன்னும் அலமாரிகளின் மேல் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆயினும், மிகப் பெரிய தீங்கு உள்ளடக்கத்தில் இல்லை. தலைப்புக்கு மறையீடு கிடையாது. எந்தக் கருவி, எந்த நேரத்தில், எவ்வளவு தரவை அனுப்பியது என்பது திறந்தே கிடக்கிறது. கைத்தொலைபேசி முன்பு இணைந்த வலைகளின் பெயரைக் கூவித் தேடும் வழக்கமும் முன்னாளில் பரவலாக இருந்தது; ஒருவர் எந்த ஊரில், எந்த விடுதியில் தங்கியிருந்தார் என்பதைக்கூட அது வெளியிட்டது. 2014 ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் தேடலின்போது போலி முகவரியைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தமை இதனாலேயே. இன்னார் வீட்டில் நேற்றிரவு புதிதாக ஒரு தொலைபேசி வந்து தங்கியது, விடியுமுன் போய்விட்டது. இதை அறிய ஒரு சொல்லையும் திறக்க வேண்டியதில்லை.

‘யார் எங்கே இருக்கிறார்’ என்பது வேறு ஊர்களில் ஒருவேளை அற்ப செய்தியாக இருக்கலாம். கொழும்புத் தமிழருக்கு அது அற்பமாக இருந்ததில்லை. 1983 ஆடிக் கலவரத்தில், வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன எனப் பலர் பதிவுசெய்துள்ளனர். வாக்காளர் இடாப்பு ஒரு பொது ஆவணம். அதில் எவருடைய அந்தரங்கமும் இல்லை. பெயரும் வீட்டிலக்கமும் மட்டுமே. அதுவே போதியதாயிற்று. போர்க்காலத்தில் வீட்டில் தங்குவோரின் விபரத்தைப் பொலிஸ் நிலையத்தில் பதிவதும், நள்ளிரவுச் சோதனையில் அப்பதிவோடு ஆட்களை ஒப்பிடுவதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அன்றாட அனுபவமாயிருந்தன. 2007 ஜூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவினால் அதனைத் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். இவ்வனுபவத்தின் வழி வந்த ஒரு சமூகத்தினரிடம், முகவரியும் நேரமும் மாத்திரம் பதிவாயின, பேச்சுப் பதிவாகவில்லை என்று கூறி ஆறுதல்படுத்த முனைவது நகைப்புக்கிடமானது. பட்டியலைத் தொகுத்தவன் நல்லவனாக இருக்கலாம். பட்டியல் அவனோடு நின்றுவிடுவதில்லை.

அவ்வாறாயின் கண்காணிப்பு நிலையையே விலக்கிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. 2017 ஒக்ரோபரில் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் மேதி வான்கூவ், டபிள்யூ.பி.ஏ.2 கைகுலுக்கலிலே ஒரு பெரும் பிழையை வெளியிட்டார். கைகுலுக்கலின் மூன்றாம் செய்தியை மீள அனுப்புவதன் மூலம், ஏற்கெனவே பயன்படுத்திய திறவுகோலையே கருவி மீண்டும் நிறுவிக்கொள்ளச் செய்யலாம் என அவர் காட்டினார். லினக்ஸிலும் அன்றைய அன்ட்ரொயிட்டிலும் பயன்பட்ட ஒரு மென்பொருளில் அப்பிழை இன்னும் கொடிது. திறவுகோல் வெறும் பூச்சியங்களாகவே மாறிவிடும். காற்றைக் கேட்கவும் சோதிக்கவும் தெரிந்தவர் இல்லாதிருந்தால், அப்பிழையை அறிந்தவர் அதனைப் பயன்படுத்த விரும்புவோர் மட்டுமாகவே இருந்திருப்பர். அரசுகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் கேட்கும் கருவிகள் எப்போதும் உண்டு. சாதாரண மாணவனிடமிருந்து மட்டும் அச்செவியைப் பறிப்பது, ஒற்றாடலை அரசனுக்கு மாத்திரம் ஒதுக்கிய பழைய ஏற்பாட்டை மீளக் கொண்டுவருவதாகும்.

எல்லை எங்கே என்பதற்குச் சட்டகத்தின் தலைப்பே ஓரளவு விடை தருகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் வினாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை தன் பெயரையும் அலைவரிசையையும் அறிவிக்கிறது. அவ்வறிவிப்பின் பெறுநர் முகவரி ‘எல்லோருக்கும்’ என்பதாகும். அதனைக் கேட்பது வீதியோரப் பெயர்ப்பலகையை வாசிப்பதற்கு ஒப்பானது. எந்த அலைவரிசையில் எத்தனை ரவுட்டர்கள் நெரிசற்படுகின்றன என்பதை அறிய இவ்வறிவிப்புகளே பெரும்பாலும் போதும். தன் ரவுட்டருக்கும் தன் கருவிகளுக்கும் உரிய சட்டகங்களைக் கேட்பதிலும் தவறில்லை. பிறர்க்குப் பிறர் அனுப்பியதே சிக்கலுக்குரியது. அங்கும், காற்று எவ்வளவு நேரம் நிரம்பியிருந்தது என எண்ணிவிட்டுச் சட்டகத்தை விட்டுவிடுதல் வேறு. கோப்பாகப் பதிந்து வைத்தல் வேறு. தபாற்காரர் எல்லா உறைகளின் முகவரியையும் வாசிக்கிறார். வாசிக்காமல் அவரது தொழில் நடவாது. ஆனால் யாருக்கு யார் எழுதினர் என அவர் வீட்டில் ஒரு கொப்பி வைத்திருப்பாராயின், அவரைப் பற்றிய எண்ணம் மாறிவிடும். சட்டகத்தைப் பிடிக்கும் மென்பொருள்கள், இவ்வகையை மட்டும் எடு, இம்முகவரியை மட்டும் எடு, முதற் சில எழுத்துக்களோடு நிறுத்து எனக் கட்டளையிட இடந்தருகின்றன. கருவியைக் கற்பிப்போர் இவ்வடக்கத்தையும் முதற் பாடத்திலேயே கற்பித்தல் வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் எல்லாவற்றையும் பிடித்துக் கோப்பிலிடச் சொல்லியே தொடங்குகின்றன என்பது வருந்தத்தக்கது.

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் நிலையான அமைதி பற்றி 1795 இல் எழுதிய நூலின் பின்னிணைப்பில் ஓர் உரைகல்லைத் தருகிறார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தால் அச்செயல் நடவாது போகுமெனின், அது நீதியற்றது என்பது அதன் கருத்து. இவ்வுரைகல் தொடர்மாடிக்கு நன்கு பொருந்துகிறது. ‘நான்காம் மாடியில் உள்ளவர் இன்று மாலை ஏழு முதல் எட்டு வரை வைபை நெரிசலைச் சோதிப்பார், ரவுட்டர்களின் பெயரும் அலைவரிசையும் வலிமையும் மாத்திரம் குறிக்கப்படும்’ என்றொரு தாளை மின்தூக்கியின் கண்ணாடியில் ஒட்ட இயலுமா? இயலும். சிலர் முகஞ்சுளிப்பர், சிலர் தம் வீட்டிற்கும் வந்து பார்க்குமாறு கேட்பர். ‘உங்கள் வீட்டிற்கு யார் எப்போது வந்து போகின்றனர் என்பது ஒரு மாதத்திற்குப் பதிவாகும்’ என ஒட்ட இயலுமா? அத்தாளை எழுதும்போதே கை தயங்கும்.

எனினும், கான்றின் உரைகல்லும் எட்டாத ஓர் இடம் உண்டு. நெரிசலைத் தேடிய மாணவன், தேடாத ஒன்றைக் கண்டுவிடுகிறான் எனக் கொள்க. இரண்டாம் மாடியில் தனித்து வாழும் முதியவரின் ரவுட்டருக்குப் பூட்டே இல்லை. அறிவிப்புச் சட்டகத்திலேயே அது தெரிகிறது. அல்லது, முதியவரின் கருவிகளை வலையிலிருந்து துண்டிக்கும் போலிச் சட்டகங்களை யாரோ இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய சட்டகங்களுக்குக் காப்பளிக்கும் நியமம் 2009 இல் வந்தபோதிலும், பழைய ரவுட்டர் அதனை அறியாது. மௌனமாயிருந்தால் முதியவர் ஏமாறுவார். சொன்னால், ‘இதை நீர் எவ்வாறு அறிந்தீர்?’ என்று கேட்பார். கேட்டும் கேளாதிருத்தல் என்னும் பழைய நாகரிகம் இங்கே துணைசெய்யாது. தீ மணம் நாசியில் பட்டபின் அயல்வீட்டுக் கதவைத் தட்டாதிருப்பதை எவரும் நாகரிகம் என்னார்.

அவன் சொல்லியே ஆகவேண்டும். எவ்வாறு அறிந்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மின்தூக்கியில் முன்னரே தாள் ஒட்டியவனுக்கு இது எளிது. அவன் இரண்டாம் மாடிக்குச் சென்று, ‘ஐயா, ஒட்டியிருந்த தாளைப் பார்த்திருப்பீர்கள், சோதித்தபோது உங்களுடையது பூட்டாமல் கிடக்கிறது தெரிந்தது, விரும்பினால் இப்போதே பூட்டித் தருகிறேன்’ எனலாம். ஒட்டாதவன் படிக்கட்டில் இறங்கும்போதே ஒரு கதையைப் புனைய வேண்டியிருக்கும். புனையத் தெரியாதவன் பாதி வழியில் திரும்பி ஏறிவிடுவான். முதியவரின் ரவுட்டர் அன்றிரவும் திறந்தே கிடக்கும்.